பத்தாம் நம்பர் சப்பாத்து

என் கணவர் மொன்றியலுக்கு வந்து மூன்றாவது மாதம், சோற்றுக்குத் தயிர் விட்டுக்கொண்டே, "மார்ச்சோட நான் திரும்பிப் போறன்" என்று சொன்னார். சண்டைபிடித்துச் சொல்லியிருந்தால் நானும் சண்டைபிடித்திருப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம். அவரோ பஸ் வரும் நேரத்தைச் சொல்லுவதுபோலச் சொன்னார். பிரெஞ்சு வகுப்பு மார்ச்சில் முடிகிறது, தொடங்கியதை இடையில் விடக்கூடாது, அது முடிந்ததும் யாழ்ப்பாணம் போகிறேன், உமக்கு விருப்பமென்றால் நீரும் வரலாம். அவ்வளவுதான். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். நான் என் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

நான் பதினொரு வயதில் அம்மாவோடும் அண்ணாவோடும் இங்கே வந்தவள். செயின்ட் மிஷேலில் வளர்ந்து, செயின்ட் மிஷேலிலேயே ஒரு கார்தெரியில் மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்கிறேன். வந்த சம்பந்தங்களை எல்லாம் தட்டிக்கழித்து, இனி இவளுக்கு ஒன்றும் சரிவராது என்று சனம் கைகழுவிவிட்ட வயதில்தான் இவருடைய பேச்சு வந்தது. அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் பௌதிகம் படிப்பித்தவர். பெரிய கொட்டகை நிறையப் பிள்ளைகள் இருந்தாலும் மைக் இல்லாமல் படிப்பிக்கக்கூடிய குரல். கலியாணம் முடித்து நான் திரும்பி வந்தபிறகு, அவரை இங்கே எடுக்கிற ஸ்பொன்சர் பைல் அசைய ஏறக்குறைய இரண்டு வருடம் எடுத்தது. அந்த இரண்டு வருடமும் போனில் அவர் கதைக்கக் கதைக்க நான் வயிறு நோகச் சிரித்திருக்கிறேன். அந்தக் குரலுக்காகத்தான் காத்திருந்தேன். அதை இப்போது சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் விமான நிலையத்தில் வந்து இறங்கிய மனுசன் வேறு யாரோபோல இருந்தார். வாய் பூட்டுப்போட்ட மாதிரி. கேட்டதற்கு மறுமொழி, கேளாவிட்டால் ஒன்றுமில்லை.

கர்க்லாண்டில் இருக்கும் என் அண்ணா, பனி தொடங்கமுன்னமே தன்னுடைய பழைய ஜக்கற்றையும் பனிச் சப்பாத்தையும் கொண்டுவந்து தந்துவிட்டுப் போயிருந்தார். சப்பாத்து பத்தாம் நம்பர். என் கணவருக்கு எட்டு. இரண்டு சோடி சொக்ஸ் போட்டு, முனையில் பேப்பர் திணித்து, அதைப் போட்டுக்கொண்டு அவர் நடக்கும்போது குதி வேறாகவும் சப்பாத்து வேறாகவும் போகும். புதிது வாங்குவோம் என்று கேட்டபோதெல்லாம், "பேந்து பாப்பம்" என்றார். மார்ச் கதை தொடங்கிய பிறகு அதுவும் மாறியது.

"போற ஆளுக்கு என்னத்துக்குப் புதுச் சப்பாத்து?"

அதற்குப் பிறகு வேலையால் வந்து கதவைத் திறந்ததும் என் கண் முதலில் அந்தச் சப்பாத்தில்தான் போய் விழும். இவருக்கு ஒரு பழக்கம், வீட்டில் கிடக்கும் எல்லாச் சோடிகளையும் வாசலில் நேராக அடுக்கி வைப்பார். என்னுடையது இடப்பக்கம், தன்னுடையது வலப்பக்கம், முனை சுவரைப் பார்க்கும்படி. போகப்போகிற மனுசன் இதை மட்டும் ஏன் இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

கிறிஸ்மசுக்கும் புது வருடத்துக்கும் இடையில் கார்தெரி பூட்டு. அந்தக் கிழமைக்குள் இந்த ஊரின் நல்ல முகத்தை இவருக்குக் காட்டிவிடவேண்டும் என்று மனதுக்குள் திட்டம் போட்டேன். டவுன்டவுனில் ஒரு சதுக்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் நடுப்பகுதியை முழுக்க ஐசாக்கி, சுற்றிவர மரங்களுக்கெல்லாம் லைற் போட்டு, பாட்டும் போட்டுவிடுவார்கள். நான் பள்ளிக்கூடக் காலத்திலேயே ஸ்கேற்றிங் பழகியவள். விழுந்தும் எழும்பியும் இந்த நாடு எனக்கு என் நாடானதில் அந்த ஐசுக்கும் பங்கு இருக்கிறது. எனக்கு வேலை செய்தது இவருக்கும் செய்யும் என்று நினைத்தேன். பெரிய கெட்டிக்காரிதான்.

அந்தக் கிழமையில் ஒருநாள் மார்கழிப் பூசைக்குக் கோயிலுக்குப் போய், பூசையும் அன்னதானமும் முடிய மூன்று மணி ஆகிவிட்டது. வீட்டுக்குப் போனால் இவர் மறுபடி போர்வைக்குள் புகுந்துவிடுவார் என்று பயந்து, அப்படியே மெற்றோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கையில் கோயிலில் தந்த அவலும் கடலையும் திருநீறும் ஒரு பையில். அதே பையில் பிளாஸ்கில் தேத்தண்ணி, மரக்கறி றோல்ஸ் நாலு.

நாங்கள் போய்ச் சேரும்போது நாலு மணி கடந்து இருட்டத் தொடங்கியிருந்தது. அதுவும் நல்லதுதான், லைற் எல்லாம் அப்போதுதான் எரியத் தொடங்கியது. மரக்கொப்பு ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் வெளிச்சம் சுற்றி, நடுவில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கிறிஸ்மஸ் மரம். இரும்பு வாளிகளில் நெருப்பு மூட்டி, அதைச் சுற்றிச் சனம் நின்று குளிர் காய்ந்துகொண்டிருந்தது. கறுவா மணம். ஐசில் சின்னதும் பெரியதுமாய் சனம் ஒரே திசையில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. இவர் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"இதுக்கெல்லாம் கரண்ட் பில் ஆர் கட்டுறது?"

எனக்குச் சந்தோசத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கிழமைக்கணக்கில் இந்த மனுசன் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. நகராட்சிதான் என்று சொல்லி, கையோடு அவரை ஸ்கேற் வாடகைக்குக் கொடுக்கும் கட்டடத்துக்குள் இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே கணகணவென்று சூடு. கவுண்டரில் நிற்கிற பெட்டை இவரைப் பார்த்துத்தான் "போன்ஜூர்" சொன்னாள். இவர் வாயைத் திறக்கமுன் நான் எட்டாம் நம்பர் ஒரு சோடி, ஆறரை ஒரு சோடி என்று பிரெஞ்சில் சொல்லி முடித்து, காசும் கொடுத்துவிட்டேன். அப்படித்தான் நான். டிப்பனர் என்கிற மூலைக் கடையில், வங்கியில், டொக்டரிடம், எல்லா இடமும் நான்தான் முந்திக்கொண்டு கதைப்பேன். அதை உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றார்.

"மாமிக்கு ஒரு போட்டோ அனுப்பவேணும். ஒருக்காக் காலில கொழுவுங்கோ."

தன் தாயின் பேச்சு வந்ததும் குனிந்து கட்டினார். நான் என் ஸ்கேற்றைக் கட்டி முடித்து, பூட்டை அவர் கையில் கொடுத்து, "எல்லாத்தையும் லொக்கருக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு, ஐஸ் பக்கத்து வாங்கில வந்து இருங்கோ" என்று சொல்லிவிட்டு ஐசில் இறங்கிவிட்டேன்.

ஐந்தாறு வட்டம் அடித்திருப்பேன். ஒவ்வொரு வட்டத்திலும் வாங்கில் இருக்கும் அவரைப் பார்ப்பேன். பிளாஸ்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அண்ணாவின் ஜக்கற்றுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடும்வரை காத்திருக்கிற ஆள்மாதிரி இருந்தார். போட்டோ எடுத்தேன். பக்கத்தில் போய் இருந்து தேத்தண்ணி ஊற்றினேன்.

"வடிவாயில்லையோ?"

"வடிவுதான்."

"பேந்தென்ன?"

கொஞ்ச நேரம் தேத்தண்ணியை ஊதினார். பிறகு சொன்னார். "இஞ்ச நான் ஆர்? வீடு உம்மட வீடு. ஜக்கற் அண்ணையின்ர. சப்பாத்து அண்ணையின்ர. வாயும் உம்மட வாய்."

கடைசிச் சொல் எனக்குச் சுருக்கென்று பட்டது. உண்மை என்பதால்தான் அப்படிப் பட்டது. ஆனால் உண்மை பட்டால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். இரண்டு வருடம் பைலுக்குப் பின்னால் அலைந்தது யார், ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போட்டது யார், நான் வாய் திறக்காவிட்டால் இந்த ஊரில் என்ன நடந்திருக்கும் என்று பொரிந்து தள்ளினேன். பக்கத்தில் இருந்த சனத்துக்குத் தமிழ் தெரியாததால் தப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"போறதெண்டா மார்ச் வரைக்கும் என்னத்துக்கு? இண்டைக்கே ரிக்கற் போடுறன்."

சொன்ன அந்த நொடியிலேயே திருப்பி விழுங்க முடியாதா என்று இருந்தது. அவர் கப்பைத் துடைத்துப் பிளாஸ்கில் மூடினார்.

"சரி. வீட்டை போவம்" என்றார்.

ரப்பர் விரிப்பில் தத்தித் தத்திக் கட்டடத்துக்குள் போனோம். லொக்கரைத் திறந்தேன். கைப்பை இருந்தது. கோயில் பை இருந்தது. சால்வை மடித்தபடி இருந்தது. சப்பாத்து இல்லை.

"சப்பாத்து எங்க?"

"வெளியில."

"வெளியிலயோ?"

"கோயில் சாமான் வைச்ச பெட்டிக்குள்ள காலில போடுறதை வைக்கிறதோ?" அவர் கேட்டவிதத்தில், இதைக்கூட ஒருவர் கேட்பாரா என்ற ஆச்சரியம்தான் இருந்தது. திருநீறு இருக்கிற இடத்தில் சப்பாத்தை வைக்கமுடியாது, ஆகவே வாசலுக்கு வெளியே வைத்தாயிற்று. அவருக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். மூடினேன். எல்லாத்தையும் உள்ளுக்குள் வையுங்கோ என்று சொன்னவள் நான். கோயில் பையும் உள்ளேதான் போகும் என்று எனக்கே யோசனை வரவில்லை. என் கையில் அந்தப் பூட்டு இருந்திருந்தால், அந்தப் பையைக் கண்டதும் நானும் ஒரு நிமிசம் திகைத்து நின்றிருப்பேன். இருபத்தைந்து வருடமாக இங்கே இருந்தும் அது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நாங்கள் முதலில் உள்ளே வந்த வாசலால் எட்டிப் பார்த்தோம். கதவுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, பனியில் நாலு தடம். இடப்பக்கம் சின்னது இரண்டு, வலப்பக்கம் பெரியது இரண்டு. முனை சுவரைப் பார்த்தபடி. சப்பாத்துகள்தான் இல்லை. வெளியில் குளிர் சைபருக்குக் கீழே பதினாலு.

கவுண்டர்ப் பெட்டை சொன்னாள், பனி வழிக்கிறவர்கள் வாசலில் கிடப்பதை எல்லாம் தொலைந்த சாமான் வைக்கும் குடிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்களாம். குடில் ஐசுக்கு அந்தக் கரையில். சுற்றிப் போகலாமா என்று கேட்டேன். ஸ்கேற்றோடு கூடாது, நடைபாதையில் கல்லும் உப்பும் போட்டிருக்கிறது, அலகு மழுங்கிவிடும். ஐசுக்குள்ளால் போங்கள் என்றாள்.

"நீங்கள் இருங்கோ. ரெண்டு நிமிசத்தில நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்றேன்.

அவர் கோயில் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு எழும்பி நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார், ஆனாலும் நின்றார்.

"நான் வைச்சது. நான் எடுக்கிறன்."

அந்த ஐசின் அகலம் நான் பத்து எண்ணுவதற்குள் கடக்கிற தூரம். இவர் முதல் காலை வைத்ததும் அது ஒரு பக்கம் போக, மற்றக்கால் இன்னொரு பக்கம் போக, தொம்மென்று விழுந்தார். நான் கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. நாலு காலில் நின்று, பிறகு முழங்காலில் நின்று, தானாகவே எழும்பினார். மூன்று அடி. மறுபடியும் விழுந்தார்.

"முழங்காலை மடக்குங்கோ. பாரத்தை முன்னுக்கு…"

"நீர் கொஞ்ச நேரம் பேசாமல் வாரும்."

பேசாமல் வந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் செய்ததில்லை. அவருக்கு முன்னால், அவரைப் பார்த்தபடி பின்பக்கமாக மெல்ல வழுக்கிக்கொண்டு, கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். கட்டாவிட்டால் அது தானாக நீண்டுவிடும். கார்தெரியில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் செய்வதைத்தான் இந்த மூன்று மாதமும் இந்த மனுசனுக்குச் செய்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளைகளைக்கூட, தானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கத்தான் எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

நடுவுக்கு வந்ததும் மூன்றாவது தடவை விழுந்தார். இந்த முறை எழும்பவில்லை. ஐசில் சம்மணம் கொட்டாத குறையாக இருந்துகொண்டார். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாரோ என்று குனிந்தால், மனுசன் சிரிக்கிறார்.

"பத்து வருசமா, உராய்வில்லாத தளத்தில ஒரு பொருள் எண்டு கரும்பலகையில கீறினனான்" என்றார். "அந்தப் பொருளின்ர பாட்டை ஒருநாளும் யோசிச்சுப் பாக்கேல்லை."

போனில் கேட்ட அதே குரல். அதே சிரிப்பு. நானும் அவருக்குப் பக்கத்தில் ஐசில் இருந்து சிரித்தேன். எங்களைச் சுற்றிச் சனம் விலகி விலகிப் போனது. பிறகு எழும்பும்போது என் கையைப் பிடிக்கவில்லை, என் ஜக்கற்றின் கையோரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். அது போதும் என்று இருந்தது.

குடிலில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு மனுசி இருந்தா. என்ன தொலைந்தது என்று படபடவென்று பிரெஞ்சில் கேட்டா. பழக்கதோசத்தில் என் வாய் திறந்தது. என் ஜக்கற்றின் கையோரம் இழுபட்டது.

"பொறும். நான் கதைக்கிறன்."

பொறுத்தேன். அவர் தொண்டையைச் செருமினார். "போன்ஜூர் மடாம்" என்றார். பிறகு நின்றார். எனக்கு நாக்கு நுனியில் முழு வசனமும் தயாராக நிற்கிறது. பல்லைக் கடித்தேன். அந்த மனுசி அவசரப்படவில்லை. அவர் ஒவ்வொரு சொல்லாகக் கல் வைப்பதுபோல வைத்தார். சப்பாத்து. இரண்டு சோடி. கறுப்பு, என்னுடையது. மண்ணிறம், என் மனைவியுடையது. "மா ஃபாம்" என்று அவர் என்னைச் சொன்னதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். இந்த மொழியை இருபத்தைந்து வருடமாகக் கதைக்கிறேன், அந்த இரண்டு சொல்லை எனக்காக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஏன் வெளியில் வைத்தீர்கள் என்று மனுசி கேட்டா. இவர் கோயில் பையை உயர்த்திக் காட்டினார். கடவுள், சாப்பாடு, சப்பாத்து, ஒரே பெட்டி, இல்லை. இவ்வளவுதான் சொன்னார். மனுசி கொஞ்சம் யோசித்தா.

"செ லொஜீக்" என்றா. நியாயம்தான் என்று.

பௌதிகம் படிப்பித்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சப்பாத்தின் அளவு என்ன என்று உறுதிப்படுத்தக் கேட்டா. பத்து என்றார். மனுசி எட்டிக் குனிந்து அவர் காலைப் பார்த்தா. "நான் எட்டு" என்று இவரே சொன்னார். "சப்பாத்து என் மனைவியின் அண்ணாவுடையது." மனுசி சிரித்துக்கொண்டே தட்டிலிருந்து இரண்டு சோடியையும் எடுத்து வைத்தா. எங்கள் அவலில் ஒரு பிடி காகிதத்தில் சுற்றி அவவுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

திரும்பி வரும்போது மெற்றோவில் இவர் குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சப்பாத்தில் ஒட்டிய பனி உருகி, கீழே சின்னதாய்த் தண்ணீர் கட்டியது.

"ரிக்கற் கதை நான் கோவத்தில சொன்னது" என்றேன்.

"தெரியும்."

ஒரு ஸ்டேசன் போனது. "அண்ணையின்ர சப்பாத்தைத் திருப்பிக் குடுத்திடுவம்" என்றார்.

இரவல் சாமானை எல்லாம் கொடுத்து முடிக்கிறார், மார்ச் வரைக்கும்கூட இல்லை என்று நினைத்தேன். ஏன் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன். இன்னும் இரண்டு ஸ்டேசன் போனது.

"நாளைக்குச் சப்பாத்துக் கடை எத்தினை மணிக்குத் திறக்கும்?" என்றார். "ஆனா நான்தான் கதைப்பன். நீர் வாய் திறக்கக்கூடாது."

"ஓம்" என்றேன்.

மறுநாள் காலை அந்தக் கடையில் நான் சொக்ஸ் தொங்குகிற தட்டுக்கு முன்னால் நின்றேன். அரை மணித்தியாலம் சொக்ஸ் பார்த்தேன். இரண்டு தட்டுக்கு அப்பால் இவர் விற்பனைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எட்டாம் நம்பர். கறுப்பு. இல்லை, அது இறுக்கம். விற்பனைக்காரர் இரண்டு சோடியைத் தூக்கிக் காட்டி ஒரு கேள்வி கேட்டார். இது மலிவு, ஒரு குளிர்காலம் தாங்கும். இது விலை, ஆனால் பல வருடத்துக்குக் கிடக்கும். எது வேண்டும்?

இவர் விலைத் துண்டைத் திருப்பிப் பார்த்தார். இரண்டையும் கையில் வைத்து நிறை பார்த்தார். நான் நீலச் சொக்ஸ் ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பல வருடத்துக்கு" என்றார், பிரெஞ்சில், கொட்டகைக்குக் கேட்கிற குரலில்.

எனக்குக் கண் நிறைந்து வழியத் தொடங்கிவிட்டது. இன்னொரு விற்பனைப் பெண் ஓடிவந்து, மடாம், ஏதும் பிரச்சினையா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கமுன், ஒரு காலில் புதுச் சப்பாத்தும் மறு காலில் வெறும் சொக்சுமாக வந்து நின்று, அவளுக்கு ஒன்றுமில்லை, அவள் என் மனைவி என்று எனக்காக அவர் மறுமொழி சொன்னார்.